ஜேர்மன் வீட்டில் ஒரு வருடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(ஜேர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 'ஓ-பேர்' ஆக 2022ஆம் ஆண்டு போய், அடுத்த வருடம் திரும்பிய அனுபவத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தார் கோண்டாவில் வாசகி ஒருவர். இப்போது யாழ்ப்பாணத்தில் ஜேர்மன் மொழி படிப்பிக்கிறார். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு அவரே பதில் தருகிறார்.)

என் மகளுக்கு 21 வயது. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறாள். உங்கள் கட்டுரையைக் காட்டி, தானும் போகப்போவதாகச் சொல்கிறாள். என்ன பெயர் வைத்தாலும் இது இன்னொருவர் வீட்டில் வேலைக்கு நிற்பதுதானே? படிக்கவைத்த பிள்ளையை எப்படி அனுப்புவது?
*– ஒரு தாய், கோப்பாய்*

அம்மா, எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் முதலில் வந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓ-பேருக்கு நாளொன்றுக்கு 6 மணித்தியாலம், கிழமைக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது. பிள்ளைகளைப் பார்ப்பது, அவர்களின் உடுப்பைத் தோய்ப்பது, காலைச் சாப்பாடு எடுத்துக் கொடுப்பது போன்ற இலேசான வேலைகள் எல்லாம் அந்த 30க்குள் அடங்கும். இரவில் தாய் தகப்பன் வெளியே போக, பிள்ளைகளுக்குக் காவலிருப்பதும் அதற்குள்தான். கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழு ஓய்வு. வருடம் முழுக்க நின்றால் 4 கிழமை விடுமுறை. தனி அறை தர வேண்டும். மருத்துவக் காப்புறுதிக்கு அந்தக் குடும்பம்தான் கட்ட வேண்டும். மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ, கைச்செலவுக்கு 280 யூரோ. குடும்பம் சாப்பிடும் மேசையில், குடும்பம் சாப்பிடுவதைத்தான் உங்கள் மகளும் சாப்பிடுவாள். மொழியும் பழக்கவழக்கமும் பழகப் போகிற பிள்ளை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 1969இல் ஐரோப்பிய நாடுகள் இதற்கென்று ஓர் உடன்படிக்கையே எழுதின.

சரி, இதெல்லாம் தாளில் உள்ளது. வீட்டுக்குள் நடப்பது எப்போதும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வடமராட்சியிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி வேறொரு நகரத்தில் நின்றாள். பிள்ளைகளைப் பார்த்து முடித்த பிறகு, இரண்டு தெரு தள்ளியிருந்த பாட்டியின் வீட்டையும் கூட்டித் துடைக்கச் சொன்னார்கள். அவள் கெட்டிக்காரி. ஜேர்மன் மொழியின் முதற்படியான ஏ1 சோதனையில் நல்ல புள்ளி எடுத்தவள். ஆனால் சோதனைக்குப் பாடமாக்கிய வசனங்களுக்கு வெளியே ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்த் துடைத்தாள். மாதக்கணக்கில் துடைத்தாள். கடைசியில் மொழி வகுப்பில் பக்கத்தில் இருந்த கொலம்பியாப் பிள்ளை ஒருத்தி அவளுடைய ஒப்பந்தத்தை வாங்கி வாசித்து, "இதில் பாட்டி வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்குத் துணிவு வந்தது. முகவருக்கு எழுதினாள். வழமையான இரண்டு கிழமை அறிவித்தல் கொடுத்து, வேறு குடும்பத்துக்கு மாறினாள். அப்படி மாறலாம் என்பது கூட அவளுக்கு அதுவரை தெரியாது.

நான் நின்ற வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு கிழமை அட்டவணை காந்தத்தால் ஒட்டியிருக்கும். ஞாயிறு மாலை அந்த அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதை நிரப்புவோம். சனி இரவு நான் காவலிருக்க வேண்டுமென்றால், செவ்வாய் பின்னேரத்தை அவரே பென்சிலால் வெட்டிவிடுவார். அவர் நல்ல மனுஷி. அதைவிட, வந்த முதல் கிழமையிலேயே "எந்த நேரம் எனது நேரம்?" என்று நான் கேட்டதும் அதற்குக் காரணம். கேட்பதற்கு எனக்கு மொழி இருந்தது.

ஆகவே அம்மா, முடிவெடுக்க முன் வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். "இன்று எனக்கு ஓய்வு நாள், அப்படித்தான் எழுதியிருக்கிறோம்" என்பதை ஜேர்மனில், கோபப்படாமல், தாளைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். தடக்காமல் சொன்னால் அனுப்புங்கள். தடக்கினால் இன்னும் ஆறு மாதம் படிக்கட்டும். ஏ1 சான்றிதழ் விசாவுக்குப் போதும். ஒரு வீட்டுக்குள் மரியாதையோடு இருக்க அது போதாது.

இன்னொன்றும் செய்யுங்கள். மூன்று இலக்கங்களை மகள் பாடமாக வைத்திருக்கட்டும்: பொலிஸ் 110, அம்புலன்ஸ் 112, துன்புறுத்தலுக்கு ஆளாகும் பெண்கள் எந்த நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய உதவி எண் 116 016. நான் ஒன்றுக்கும் எடுக்க வேண்டி வரவில்லை. ஆனாலும் போனில் வைத்திருந்தேன்.

யாழ்ப்பாணம் டவுனில் ஒருவர் ஓ-பேர் விசா எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பத்து இலட்சத்துக்கு மேல் கேட்கிறார். பாதியை முற்பணமாகத் தர வேண்டுமாம். கொடுக்கலாமா அக்கா?
*– வாசகி, சாவகச்சேரி*

கொடுக்காதீர்கள் தங்கச்சி. நகையை அடகு வைக்க யோசித்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

ஓ-பேரிடமிருந்து முகவர் வாங்கக்கூடிய கூலிக்கு ஜேர்மன் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: 150 யூரோ. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. விசாக் கட்டணம் 75 யூரோ. அதைக் கொழும்பிலுள்ள தூதரகத்தில் நீங்களே கட்டுவீர்கள். விமானச் சீட்டு பெரும்பாலும் உங்கள் செலவு. ஏ1 வகுப்புக்கும் சோதனைக்கும் உள்ள காசு வேறு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, அந்த மனிதர் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விசாவை யாரும் "எடுத்துத் தர" முடியாது. தூதரகத்தில் நீங்கள்தான் நேரே நிற்க வேண்டும். ஏன் போகிறாய், எந்தக் குடும்பம், பிள்ளைகளுக்கு எத்தனை வயது என்று ஜேர்மனில் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முகவர் மூலம் போக விரும்பினால், ஜேர்மனியில் ஓ-பேர் முகவர்களுக்கென்று 'ரால்' என்ற தரச் சின்னம் இருக்கிறது. அது உள்ளவர்களைத் தேடுங்கள். முகவர் இல்லாமல், இணையத்தில் குடும்பத்தோடு நேரடியாகக் கதைத்துப் போகிறவர்களும் நிறையப் பேர். இங்கே வெளிநாட்டு வேலைக்கென்று ஆள் சேர்ப்பவர் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து அவருடைய பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

எங்கள் ஊரில் ஏஜென்சிக்குக் கட்டிக் கெட்ட குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கடனோடு போகிற பிள்ளையால் அங்கே "இது என் வேலை இல்லை" என்று சொல்லவும் முடியாது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

280 யூரோ என்றால் நம்முடைய காசுக்கு ஒரு இலட்சத்துக்குக் கிட்ட வருகிறதே. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம்?
*– வாசகர், வேலணை*

வீட்டுக்கு அனுப்பவென்று போகாதீர்கள். அது அந்த ஊரில் ஒரு பிள்ளையின் கைச்செலவு. பஸ், போன் அட்டை, குளிருக்குச் சப்பாத்து, வகுப்புத் தோழிகளோடு ஒரு கோப்பி, இவற்றிலேயே நடந்துவிடும். மொழி வகுப்புக்கு 70 யூரோ போதாமல் கையிலிருந்து போட்ட மாதங்களும் எனக்கு இருந்தன. சம்பாதிக்க வேண்டிய நெருக்கடி வீட்டில் இருந்தால், உண்மையில் இது உங்களுக்கான வழி இல்லை.

என் மாமா குடும்பம் டோர்ட்முண்டில் இருக்கிறது. இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் வீட்டுக்கே ஓ-பேராகப் போனால் பாதுகாப்புத்தானே?
*– வாசகி, மானிப்பாய்*

விசா கிடைக்காது. உறவினர் வீட்டுக்கு ஓ-பேராகப் போக முடியாது. உறவு இல்லாத தமிழ்க் குடும்பம் என்றாலும் சிக்கல்தான். குடும்பத்தின் தாய்மொழி ஜேர்மன் இல்லாமல், வீட்டில் பேசும் மொழியாக மட்டும் ஜேர்மன் இருந்தால், அந்தக் குடும்பம் பூர்வீகமாக வந்த நாட்டிலிருந்து ஓ-பேர் எடுக்க விடமாட்டார்கள். எனக்கு அது நல்ல விதி என்றே படுகிறது. மாமி வீட்டில் நின்றால் தமிழிலேயே வருடம் போய்விடும். நேரக்கணக்கும் கேட்க முடியாது. மாமியிடம் அட்டவணை எழுதுவோமா என்று யார் கேட்பது?

மாமா குடும்பம் அங்கே இருப்பது வேறு வகையில் பெரிய பலம். ஓய்வு நாளில் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வரலாம். ஏதும் பிரச்சினை என்றால் போக ஒரு கதவு இருக்கிறது.

பிள்ளைகளோடு ஒரு நாள் எப்படிப் போகும்? கட்டுரையில் அதைக் கொஞ்சமாகத்தான் எழுதியிருந்தீர்கள்.
*– வாசகி, பருத்தித்துறை*

இதை எழுதத்தான் எனக்கு விருப்பம்.

வீட்டில் இரண்டு பேர். அக்காவுக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்று. குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்கும் வெளியே இருட்டுத்தான். தம்பியைப் பாலர் பாடசாலைக்கு வெளிக்கிடுத்துவதுதான் அன்றைய பெரிய அலுவல். கம்பளிக் காலுறை, உள் உடுப்பு, அதற்கு மேல் உடம்பு முழுக்க மூடும் பனி உடுப்பு, சப்பாத்து, தொப்பி, கடைசியில் கையுறை. மழை என்றால் றப்பர்க் காற்சட்டை ஒன்று வேறு. மழையோ பனியோ, அந்தப் பாலர் பாடசாலையில் பிள்ளைகளை வெளியே விட்டுத்தான் விளையாட விடுவார்கள், சேற்றில் உருண்டுவிட்டுத்தான் வருவார்கள்.

அந்தக் கையுறையில் பெருவிரலுக்கு மட்டும் தனி வீடு. அவன் கையை மூடிக்கொண்டு உள்ளே விடுவான், பெருவிரல் மற்ற விரல்களோடு போய் ஒட்டிக்கொள்ளும். நான் என் பெருவிரலை நிமிர்த்திக் காட்டி, "பெருவிரல் எங்கே?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவசரத்தில் தமிழ்தானே வரும். மார்கழி முடியமுன் அவனே வாசலில் விரலை நிமிர்த்திக்கொண்டு நின்று "பெருவிரல்!" என்று கூப்பிடுவான். தாய்க்கும் அந்தச் சொல் பழகிவிட்டது.

பிறகு சைக்கிள். நான் நின்றது மூன்ஸ்டர் நகரத்தில். அங்கே ஆட்களை விடச் சைக்கிள் அதிகம். கொக்குவில், திருநெல்வேலி என்று சைக்கிளில் ரியூசனுக்கு ஓடித் திரிந்த எனக்கு அது ஒரு பெரிய ஆறுதல். சைக்கிளுக்குப் பின்னால் பிள்ளை இருக்கும் சிறு வண்டி ஒன்றைக் கொழுவி, பழைய நகரத்தைச் சுற்றிப் போகும், மரங்கள் நிரைத்த சாலையால் அவனை இழுத்துக்கொண்டு போவேன். பையில் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டி: தவிட்டுப் பாண், வெள்ளரிக்காய், அப்பிள் துண்டு. இனிப்பு வைத்தால் பாலர் பாடசாலையிலிருந்து திரும்பி வரும்.

பகலில் எனக்கு வகுப்பு. பின்னேரம் இரண்டு பேரையும் கூட்டிவந்து, விளையாட்டுத் திடல், வீட்டுப்பாடம், படக்கதை. ஒரே படக்கதையை அன்றைக்கு மூன்றாவது தடவை வாசிக்கும்போது உச்சரிப்பு தானாகத் திருந்தும். எனக்கு இலக்கணம் படிப்பித்தது அக்காதான். ஜேர்மனில் மேசைச் சாமானுக்கும் பால் உண்டு: கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. நான் மாற்றிச் சொன்னால் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, சரியாகச் சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த ஆசிரியரும் என்னை இவ்வளவு பொறுமையாகத் திருத்தியதில்லை.

இரவுச் சாப்பாடு ஆறரைக்கு. பாண், சீஸ், ஊறுகாய் போட்ட வெள்ளரி, எல்லாம் குளிர். சூடான சாப்பாடு மத்தியானத்தோடு முடிந்துவிடும். வெளியே பனி, வயிற்றுக்குள்ளும் குளிர்ந்த பாண். முதல் மாதங்களில் புட்டையும் சொதியையும் நினைத்தபடிதான் படுத்தேன். பிறகு சனிக்கிழமைகளில் சமைக்க விடுங்கள் என்று கேட்டேன். பருப்பும் சோறும் பிள்ளைகளுக்குப் பிடித்துப் போய்விட்டது.

கார்த்திகையில் ஒரு நாளைச் சொல்லாமல் விட மாட்டேன். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். பிள்ளைகள் தாங்களே கடதாசியில் கூடு செய்து, உள்ளே விளக்கு வைத்து, தடியில் தூக்கிக்கொண்டு இருட்டில் பாட்டுப் பாடி ஊர்வலம் போவார்கள். முன்னால் சிவப்புப் போர்வையோடு ஒருவர் குதிரையில் வருவார். முடிவில் ஆள் உருவத்தில் சுட்ட இனிப்புப் பாண் கொடுப்பார்கள். அன்றிரவு எங்கள் விளக்கீட்டைப் பற்றி அக்காவுக்குப் படம் கீறிக் காட்டினேன், வாசலில், கிணற்றடியில், வேலியோரத்தில் துணி சுற்றிய பந்தம் நட்டுக் கொளுத்துவதை. விளக்கீட்டு நாளில் அம்மம்மா போனில் காணொளியாக முற்றத்தைக் காட்ட, இரண்டு பிள்ளைகளும் திரைக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தார்கள். மழைக்குள் பந்தம் எப்படி அணையாமல் நிற்கிறது என்று அக்கா கேட்டாள். அம்மம்மா தமிழில் நீளமாக விளக்கம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

தனிமை இருக்கவில்லையா? கோவில் குளம் இல்லாமல் எப்படி?
*– வாசகி, நல்லூர்*

இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டு, தெருவில் சத்தமில்லை. வீட்டுக்காரர் தங்கள் பாட்டுக்கு ஓய்வெடுப்பார்கள். அறைக்குள் இருந்தால் அழுகை வரும். அதனால் வெளியே போய்விடுவேன்.

கோவில் உண்டு. ஹம் நகரத்தின் எல்லையில் காமாட்சி அம்பாள் கோவில். 2002இல் இராஜகோபுரத்தோடு கட்டிக் குடமுழுக்குச் செய்தது. ஐரோப்பாவிலுள்ள பெரிய சைவக் கோவில்களில் ஒன்று, கட்டியதும் எங்கள் ஆட்கள்தான். மூன்ஸ்டரிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம், பிறகு பஸ். 2023 மே மாதத்தில், மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுக்க ஓடும் பயண அட்டை வந்த பிறகு அடிக்கடி போனேன். தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து சனம் வரும். வடம் பிடிக்கும்போது பக்கத்தில் நின்ற அம்மா "எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டார். கோண்டாவில் என்று சொல்லி முடிக்க முன் அழுதுவிட்டேன்.

எனக்கு 24 வயது, ஆண். ஆண்களும் போகலாமா? என் அக்காவுக்கு 28, அவவும் விண்ணப்பிக்கலாமா?
*– வாசகர், சுன்னாகம்*

நீங்கள் போகலாம் தம்பி. ஆண்பிள்ளைகளை விரும்பிக் கேட்கும் குடும்பங்களும் உண்டு. அக்காவால் முடியாது. 27 வயது ஆக முன் விண்ணப்பிக்க வேண்டும். அவ அங்குள்ள மத்திய தன்னார்வச் சேவைத் திட்டத்தைப் பார்க்கலாம், அதற்கு மேல் வயது எல்லை இல்லை. முதியோர் இல்லங்களிலும் வலுவிழந்தோர் நிலையங்களிலும் வேலை. அதற்கு மொழி இன்னும் நன்றாக வேண்டும்.

வருடம் முடிந்த பிறகு அங்கேயே நிற்க வழி உண்டா?
*– மாணவி, கிளிநொச்சி*

ஓ-பேர் அனுமதி ஆகக்கூடியது ஒரு வருடம்தான். நீடிக்க மாட்டார்கள், இரண்டாம் முறையும் தர மாட்டார்கள். இடையில் விட்டுவிட்டு வந்தால் மிச்ச மாதங்களைப் பிறகு கேட்கவும் முடியாது. தொழிற்பயிற்சி, தன்னார்வச் சேவை, பல்கலைக்கழகம் என்று வேறு நோக்கத்துக்குப் புது அனுமதி கேட்கலாம். இருக்கும் அனுமதி முடிய முன் கேட்க வேண்டும். தாதியர் பயிற்சி 3 வருடம், பயிற்சிக் காலத்திலேயே மாதச் சம்பளம் உண்டு, ஆனால் பெரும்பாலும் பி2 தரத்தில் (ஏ1, ஏ2, பி1 தாண்டி நாலாம் படி) மொழி எதிர்பார்ப்பார்கள். ஏ1 உடன் போய் ஒரு வருடத்தில் பி2 எடுப்பது பிள்ளை பராமரிப்போடு சேர்த்துக் கடினம். ஏ2 முடித்துவிட்டுப் போகச் சொல்லி நான் என் மாணவிகளை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். ஒரு வருடம் வீண் என்று சொல்லவில்லையா? வெளிநாட்டில் யாரோ வீட்டில் நின்ற பிள்ளை என்று கல்யாணப் பேச்சில் தடை வராதா?
*– பெயர் வேண்டாம், உரும்பிராய்*

சொன்னார்கள். "போனவள் ஏன் வந்தாள்" என்றுதான் அதிகம் பேர் கேட்டார்கள். விசா முடிந்தது, வந்தேன். ஒளிந்து நிற்க எனக்கு விருப்பமில்லை. பி1 சான்றிதழோடு வந்து, இப்போது அதைக்கொண்டே உழைக்கிறேன்.

தங்கச்சி, நம் ஊர்ப் பொடியன்கள் வெளிநாட்டில் பத்துப் பேர் ஓர் அறையில் நின்று வருடக்கணக்கில் உழைத்துவிட்டு வருகிறார்கள். எந்த அறை, யாரோடு என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. சரியான விசாவில், ஒப்பந்தத்தோடு, ஒரு குடும்பத்தின் மேசையில் இருந்து சாப்பிட்ட பிள்ளையிடம் மட்டும் அந்தக் கேள்வி வருகிறது. எனக்கு அது கோபத்தைத் தருகிறது. எனக்கும் பேச்சு வந்தது. ஒரு வீட்டார் அதைக் காரணமாகச் சொல்லி விலகினார்கள். அம்மா ஒரு கிழமை கவலைப்பட்டார், பிறகு விட்டுவிட்டார். உங்கள் நிலைமையை நீங்கள்தான் நிறுக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு பயத்துக்காகப் போகாமல் விடுவதென்றால், தயவுசெய்து விட வேண்டாம்.

விசா வந்துவிட்டது அக்கா! பெட்டியில் என்ன வைக்க, என்ன விட?
*– வாசகி, தெல்லிப்பழை*

மிகச் சந்தோஷம். குளிர் உடுப்பு இங்கே வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். கொழும்பில் கிடைப்பது அந்தக் குளிரைத் தாங்காது. அங்கே பழைய உடுப்புக் கடைகளில் நல்ல மேற்சட்டை மலிவாக வாங்கலாம். அரிசியும் வேண்டாம், பெரிய நகரங்களில் தமிழ்க் கடை உண்டு. வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை இறுக்கிக் கட்டி வையுங்கள், அந்தச் சுவை எந்தக் கடையிலும் இல்லை. இறைச்சி, பால் சாமான் ஒன்றும் வைக்கக் கூடாது. அம்மா ஒரு பிடி கறிவேப்பிலை கட்டித் தந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள். பச்சை இலைக்கு அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள், விமான நிலையத்திலேயே குப்பைக்குப் போகும். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று கைப்பையில் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில் அம்மாவிடம். பிள்ளைகளுக்குப் பனையோலையில் பின்னிய சின்னப் பெட்டிகள் கொண்டுபோங்கள். நான் கொடுத்ததில் அந்த வீட்டு ஆறு வயது அக்கா தன் கலர்ப் பென்சில்களை அடுக்கி வைத்திருந்தாள்.